அப்பாவுக்கு, அலபாமாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, சின்னக்கா, குட்டி எல்லோரும் நலந்தானே? பெரியப்பா மகன் கொண்டுவந்த பையில், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில், உங்கள் கடிதம் எண்ணெய்க் கறையோடு கிடைத்தது. போனில் "சாப்பிட்டியா, சரி வச்சிடறேன்" என்பதைத் தாண்டாத நீங்கள் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

குளிர் தாங்குகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாளாம். அவள் டிவியில் பார்க்கிற பனிக்கட்டி அமெரிக்கா இது இல்லை. மான்ட்கமரி தெற்கே இருக்கிறது; ஜூலை வெயிலுக்கு நம் அக்கினி நட்சத்திரமே தேவலை. வெண்டைக்காய்கூட விளைகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி கொல்லையில் போட்டிருக்கிறார்; சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தருவார். காலையில் 'கிரிட்ஸ்' என்று ஒன்று, மக்காச்சோள நொய்க்கஞ்சிதான், வெண்ணெய் போட்டு. சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை. ஓவர்டைம் இப்போது இல்லாததால் சமைக்க நேரமும் கிடைக்கிறது.

அந்தப் பாட்டி கறுப்பினத்தவர், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சோப்பு வாங்கினாலும் ரசீதைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டுதான் கடை வாசலைத் தாண்டுவார். கஞ்சத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரும் வழிமறித்துப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லிவிடக் கூடாதாம்.

அவருக்கு நீச்சல் தெரியாது. அதற்கும் ஒரு கதை. அவர் சிறுமியாக இருந்தபோது இந்த ஊர்ப் பூங்காக்களைக் கறுப்பர்களுக்கும் திறக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? 1959 பிறந்ததும் எல்லாப் பூங்காக்களையும் இழுத்துப் பூட்டியது. ஓக் பார்க் நீச்சல் குளத்தில் மண்ணைக் கொட்டி மூடியது. அங்கே இருந்த மிருகக்காட்சிசாலை மிருகங்களைக்கூட விற்றுவிட்டது. சேர்ந்து குளிப்பதைவிட யாருக்கும் குளமே வேண்டாம்! பூங்காக்கள் 1965-இல் திறந்தன, குளம் திரும்பி வரவில்லை. ஆச்சி சொல்லும் கிணற்றுக் கதை ஞாபகம் வந்தது எனக்கு.

"அங்கேதான் எல்லாம் மாறிப்போச்சே, கறுப்பரே ஜனாதிபதியா இருந்தாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். மாறியது உண்மைதான். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தது இந்த ஊர் பஸ்ஸில்தான். அதன்பின் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனவர்களில் பாட்டியின் அம்மாவும் ஒருவர். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம், அடுத்த வருஷம் வாக்குரிமைச் சட்டம், 1968-இல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்ற சட்டம். நம்மவர்களுக்குக் கதவு அகலத் திறந்ததும் 1965 குடியேற்றச் சட்டத்தில்தான். அதற்கு முன் இந்தியர்களுக்கு வருஷத்துக்கு நூறு இடந்தான். 2019-இல் இந்த ஊருக்குக் கறுப்பின மேயரும் வந்தாயிற்று. ஆனால் கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்ளக் கூடாது என்ற தடையை 1967-லேயே சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று சொன்ன பிறகும், அது அலபாமாவின் அரசியல் சாசனத்தில் அப்படியே கிடந்தது. அதை எடுத்துவிடலாமா என்று 2000-இல் வாக்கெடுப்பு வைத்தால், நூற்றுக்கு நாற்பது பேர் எடுக்காதே என்று குத்தியிருக்கிறார்கள்!

போன மாதம் பாட்டி, கூரையைச் சரிசெய்ய வீட்டின் மேல் கடன் கேட்டிருந்தார். மதிப்புப் போட ஆள் வருவதற்கு முந்தின சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, ஸ்டூலில் ஏறிச் சுவரிலிருந்த படங்களைக் கழற்றச் சொன்னார். ராணுவ உடுப்பில் கணவர், பட்டமளிப்பு அங்கியில் மகள்கள், மார்ட்டின் லூதர் கிங். எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். கறுப்பர் வீடென்று தெரிந்தால் விலையைக் குறைத்துப் போட்டுவிடுவார்களாம். பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம். படங்கள் இருந்த இடமெல்லாம் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. பெரிய வெளுப்பை மறைக்க மலைக் காட்சி போட்ட காலண்டர் ஒன்றைக் கொடுத்தார். சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் சொந்த வீட்டில் புருஷன் படத்தை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது அந்த அம்மாளுக்கு. முகத்தில் கோபங்கூட இல்லை. ஐஸ் டீ வேணுமா தம்பி என்று கேட்கிற மாதிரிதான் படங்களைக் கழற்றச் சொன்னார்.

நான் வீடு தேடியபோதும் போனில் காலி என்றவர், என்னை நேரில் கண்டதும் "இப்பத்தான் போச்சு" என்றார். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கோடையில் வருகிறேன் என்றிருக்கிறீர்கள். விடியுமுன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற பழக்கத்தை நீங்கள் விடமாட்டீர்கள். 2015-இல் இதே அலபாமாவில், வடக்கே மேடிசன் என்ற ஊரில், பேரனைப் பார்க்க குஜராத்திலிருந்து வந்த 57 வயதுப் பெரியவர் அப்படித்தான் நடந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் நடமாடுகிறான் என்று யாரோ போன் செய்ய, போலீஸ் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தரையில் வீழ்த்தியதில் உடம்பில் ஒரு பகுதி செயலிழந்துபோனது. வழக்கில் ஜூரி இரண்டு தடவையும் ஒருமித்த முடிவுக்கு வராமல், கடைசியில் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்துவிட்டார். உங்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. டிக்கெட் இப்போது நெருப்பு விலை, அடுத்த வருஷம் வாருங்கள். நானும் கூடவே நடக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் சோறு வடிக்கும்போது, "தட்டை எடுத்து வைடா" என்று அம்மா குரல் வரும் என்று சும்மா நின்றுவிடுகிறேன். அதை விடுங்கள்.

மாடி வீட்டு விஷயம். பேங்க்கில் வேலை பார்க்கிற அந்தத் தம்பி குழந்தையோடு வந்தபோது, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்புறம் "என் தம்பி மகன் குடி வரான்" என்று அனுப்பிவிட்டீர்களாமே, சின்னக்கா துண்டுச் சீட்டில் எழுதியிருக்கிறாள். எந்தத் தம்பி மகன் அப்பா? உங்களுக்குத் தம்பியே கிடையாது. அவருடைய நம்பர் சின்னக்காவிடம் இருக்கிறது. கூப்பிட்டு வீடு காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆச்சி முனகினால் என் தலையில் போடுங்கள்.

அட்வான்ஸை வாங்கி அம்மாவின் கண் ஆபரேஷனை முடித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இந்த மாதம் பணம் பதினைந்தாம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்க்கில் ஏதோ மாற்றமாம். சீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் குடி வருமுன் மாடிக் குழாய் ஒழுகுவதையும் பார்க்க வேண்டும். பழைய பிளம்பர் வேண்டாம், அவர் வந்து போனபிறகுதான் ஒழுகவே ஆரம்பித்தது.

இப்படிக்கு,
உங்கள் மகன்