கினபாத்தாங்கான் கரைக்கு இன்னும் காடு வேண்டும்: சபா மாநில அரசுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சபா மாநில அரசுக்கும், கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் நிலம் வைத்திருக்கும், பாமாயில் தரும் செம்பனைத் தோட்ட நிறுவனங்களுக்கும் வணக்கம்.

மாலை வெயில் தணிந்ததும் கரையோரக் கிராமங்களான சுக்காவிலிருந்தோ பிலித்திலிருந்தோ படகில் கிளம்புகிறவர்கள் ஏமாந்து திரும்புவது அரிது. நீள்மூக்குக் குரங்குகள் கூட்டங்கூட்டமாகக் கரையோர மரங்களுக்கு வந்து சேரும். வளர்ந்த ஆண் குரங்கு சுமார் 20 கிலோ இருக்கும். அது பாய்ந்தால் கிளை வளைந்து நீரைத் தொட்டுவிட்டு எழும். பாம்புத்தாரா இறக்கைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். படகின் மோட்டாரை நிறுத்திவிட்டால், மேலே பறக்கும் இருவாச்சியின் சிறகு விசிறும் ஓசை தெளிவாகக் கேட்கும். போர்னியோ தீவில் உள்ள 8 வகை இருவாச்சிகளும் இந்த ஒரே ஆற்றங்கரையில் இருக்கின்றன. யோகம் இருந்தால் ஒரு யானைக் கூட்டமே ஆற்றை நீந்திக் கடப்பதைப் பார்க்கலாம். குட்டிகளைப் பெரியவை அணைத்துக்கொண்டு போகும். தும்பிக்கைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படகில் யாருக்கும் பேச்சு வராது.

இந்த அழகைப் புகழ்ந்து எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கேட்க வேண்டியது வேறு. இத்தனை விலங்குகள் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சுலபமாக ஏன் கண்ணில் படுகின்றன?

ஓரளவுக்கு அது அவற்றின் பழக்கம். நீள்மூக்குக் குரங்கு பகலெல்லாம் காட்டுக்குள் இலையும் காயும் தின்றுவிட்டு இரவுத் தூக்கத்துக்கு ஆற்றோரம் வரும். தண்ணீர்ப் பக்கமாக மேகச்சிறுத்தை வர முடியாது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. ஆனால் மீதிக் காரணம் மனிதர்கள் செய்தது. பல இடங்களில் கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனாலே காடு முடிந்து செம்பனை வரிசை தொடங்கிவிடுகிறது. பின்னால் போக இடமில்லாத விலங்குகள் ஆற்றை ஒட்டி நெருக்கியடித்து வாழ்கின்றன. பயணிகள் வியந்து படம் எடுக்கிற காட்சியில் அந்த நெருக்கடியும் சேர்ந்தே இருக்கிறது.

560 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. 2005-இல் இதன் கீழ்ப்பகுதியில் சுமார் 26,000 ஹெக்டேர் காட்டை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தீர்கள். அது நல்ல காரியம், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அது ஒரே காடாக இல்லை, 10 துண்டுகளாகக் கிடக்கிறது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே தோட்டம், மின்வேலி, சாலை, கிராமம். நீர்வளச் சட்டப்படி கரையில் 20 மீட்டர் அகலத்துக்கு நிலத்தை ஒதுக்க வேண்டும். ஒரு யானைக் கூட்டம் அந்த அகலத்தில் நடப்பது வரப்பின்மேல் நடப்பது மாதிரிதான். போர்னியோ யானைகள் காட்டில் சுமார் 1,000 மட்டுமே மிஞ்சியிருக்கின்றன என்று 2024-இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

ஒராங்குட்டான் நிலைமையைப் பாருங்கள். அதற்கு நீந்தத் தெரியாது. முன்பெல்லாம் இரு கரையின் பெருமரங்களும் கிளையால் தொட்டுக்கொண்டிருந்ததால் கிளை ஆறுகளைத் தாண்டிப் போய்வந்தது. மரங்களை வெட்டிய பிறகு, சுக்காவ் கிராமத்து மக்களும் அங்கே பணி செய்யும் பாதுகாப்புக் குழுவினரும் கயிற்றுப் பாலம் கட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. இருவாச்சிக்கும் அதே கதை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். அதற்கு வயதான பெருமரம் வேண்டும். அது கிடைக்காமல் மனிதர் செய்து மாட்டிய கூட்டுப் பெட்டிகளை நம்ப வேண்டியிருக்கிறது. இந்த வேலைகளைச் செய்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கயிறும் பெட்டியும் எத்தனை நாளைக்குக் காட்டுக்கு ஈடாகும்? மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019-இல் இதே சபாவில்தான் இறந்தது.

அதனால் கேட்கிறேன்: துண்டுகளை இணையுங்கள். அடிக்கடி வெள்ளம் ஏறும் தாழ்ந்த கரைகளில் செம்பனை சரியாக விளைவதில்லை என்பது தோட்டக்காரர்களுக்கே தெரியும். முதலில் அந்த நிலங்களைத் திரும்பக் காடாக்கலாம். குத்தகையைப் புதுப்பிக்கும்போது அகலமான கரைக்காட்டை ஒரு நிபந்தனையாக வையுங்கள். பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே தனியாக எடுத்துவையுங்கள். எங்கே போகிறது என்று தெரிந்தால் கூடுதலாகக் கொடுக்கவும் நாங்கள் தயார்.

அப்புறம் படகுகள். ஒரு யானை தென்பட்டதும் ஏழெட்டுப் படகுகள் ஒன்றாக மொய்ப்பதையும், அது ஏற வந்த கரையையே மறித்து நிற்பதையும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எத்தனை படகு, எவ்வளவு தூரம், எப்போது மோட்டாரை நிறுத்துவது என்பதற்குக் கண்டிப்பான விதி வேண்டும். மெனாங்குல் கிளையாற்றில் சில படகுகள் மின் மோட்டாரில் போகின்றன. எல்லாப் படகுக்காரர்களும் அதற்கு மாற அரசு கடனுதவி செய்யலாம். இந்த ஆற்றங்கரையில் வாழும் ஓராங் சுங்கை மக்களில் பலருக்கு இன்று இந்தப் படகுதான் பிழைப்பு. செலவு முழுவதையும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. படகில் வரும் வழிகாட்டிகள் குரங்கின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், அந்த மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பயணிகளுக்குச் சொல்லட்டும். அதற்கான பயிற்சியை வனவிலங்குத் துறையே கொடுக்கலாம். அடுத்த சுற்றுலாப் பருவத்துக்குள் இதையாவது தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அந்த ஆற்றை நேசிக்கும் ஒரு பயணி