ஒரே ஒரு கதையை வைத்து முடிவு செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

படம் காட்டிக் குழந்தைகளைக் கதை சொல்லச் சொல்லும் உளவியல் சோதனை பற்றி எழுதுகிறேன். இது 1949-இல் மனநல மருத்துவர் லியோபோல்ட் பெல்லாக்கும் அவர் மனைவி சோனியாவும் உருவாக்கியது. மொத்தம் 10 விலங்குப் படங்கள். முதல் படத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கோழிக்குஞ்சுகள், ஓரமாக மங்கலாக ஒரு பெரிய கோழி.

என் ஆறு வயது மகள் அதைப் பார்த்து, "அம்மா கோழி பேசவே மாட்டேங்குது" என்றாளாம். அறிக்கையில் 'தாயிடமிருந்து விலகல்' என்று எழுதிவிட்டார்கள். அந்த வாரம் தொண்டை கட்டி எனக்குக் குரலே வரவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நேராகக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகூட, கோழிக்குஞ்சின் மேல் ஏற்றித் தன் பயத்தைச் சொல்லிவிடும். அது பெரிய விஷயம். ஆனால் ஒரே கதைக்கு இரண்டு நிபுணர்கள் இரண்டு பொருள் சொல்ல முடியும். அதனால் வீட்டிலும் பள்ளியிலும் விசாரிக்க வேண்டும், குழந்தை விளையாடுவதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், குழந்தை சொன்ன கதையை அப்படியே அறிக்கையில் சேர்த்துத் தாருங்கள். விளக்கம் சொல்ல எங்களுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

– ஒரு தாய்