கப்பலில் காத்திருந்த சமையல்காரர்

கும்பகோணம்
14.7.2025

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் அழுததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. முப்பத்திரண்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கேஸ் கட்டைப் படிக்கத்தான் தெரியும். ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஜூன் 27 தீர்ப்போடு, அங்கே பிறக்கப்போகும் உன் வயிற்றுப் பிள்ளையின் அமெரிக்கக் குடியுரிமை போய்விட்டது என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. ஒரு கீழ்நீதிமன்ற நீதிபதி கொடுக்கும் தடை நாடு முழுவதற்கும் செல்லுமா என்பதைத்தான் அன்று முடிவு செய்தார்கள். ஆறு பேர் செல்லாது என்றார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். பெற்றோர் இருவரும் தற்காலிக விசாவில் இருந்தால் அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று ஜனவரி 20 அன்று ஜனாதிபதி டிரம்ப் போட்ட உத்தரவு சரியா என்பதைத் தொடவே இல்லை. நம் கோர்ட்டு பாஷையில், ஸ்டே மீது விவாதம் முடிந்தது, அசல் வழக்கு அப்படியே கிடக்கிறது. போன வியாழக்கிழமை நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர், பாதிக்கப்படும் குழந்தைகளையெல்லாம் ஒரே தரப்பாகச் சேர்த்து மறுபடியும் தடை கொடுத்துவிட்டார்.

இதற்கெல்லாம் வேர் ஒரு சமையல்காரரின் வழக்கு. வோங் கிம் ஆர்க் 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சீனர்கள், அன்றைய சட்டப்படி குடியுரிமை கேட்கவே முடியாதவர்கள். 1894-இல் சீனாவுக்குப் புறப்படும்போது, இவர் இங்கேதான் பிறந்தார் என்று வெள்ளைக்காரச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, புகைப்படமும் ஒட்டிய தாள் ஒன்றைத் தயார் செய்துகொண்டார். மறு வருடம் 'காப்டிக்' கப்பலில் திரும்பியவரை அந்தத் தாள் கரையேற்றவில்லை. பிறந்த ஊர் எதிரே தெரிய, கப்பல் மாற்றிக் கப்பல் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார். 1898-இல் உச்ச நீதிமன்றத்தில் 6-2 என்று ஜெயித்தார், பிறப்பால் அவர் அமெரிக்கக் குடிமகன் என்று. எதிர்த்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் ஹார்லன். இரண்டு வருடம் முன்புதான் கறுப்பர்களை ரயிலில் பிரித்து உட்கார வைக்கும் சட்டத்தைத் தனி ஆளாக எதிர்த்தவர். நீதிபதிகளை நம்பி யாரும் மனப்பால் குடிக்க முடியாது.

அந்தத் தீர்ப்பில் பெற்றோரின் 'நிலையான குடியிருப்பு' பற்றி ஒரு சொல் வருகிறது. அரசுத் தரப்பு இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்களைப் போல எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் தற்காலிகமானவர்கள்தானே என்கிறது. பன்னிரண்டு வருடம் வரி கட்டிய தற்காலிகம்! எனக்கு அந்த வாதம் சொத்தையாகத்தான் படுகிறது. அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் அவர்கள் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் பிறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது, பெற்றவர்களின் விசாவைப் பற்றி அல்ல.

நம் நாட்டைச் சொல்லிப் பெருமைப்படவும் வாய் வரவில்லை. 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்தாலே பெரும்பாலும் போதும்; பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றார்கள், 2004-இல் இன்னும் இறுக்கினார்கள். ஆனால் இங்கே அது நாடாளுமன்றம் போட்ட சட்டம். அங்கே அரசியலமைப்பிலேயே எழுதியிருப்பதை ஒரு கையெழுத்து மாற்றுமா என்பதே கேள்வி.

வோங் ஜெயித்த பிறகும் 1901-இல் டெக்சாஸின் எல் பாசோ ஊரில் பிடித்து வைத்தார்கள். 1910-இல் அவருடைய மூத்த மகன் வந்தபோது, இவன் அவர் மகன்தான் என்று நம்பாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உன் திருமணப் பதிவுச் சான்றிதழில் மாப்பிள்ளையின் இனிஷியல் ஒன்றாகவும் பாஸ்போர்ட்டில் வேறாகவும் இருக்கிறது. திருத்த மனு எழுதி வைத்துவிட்டேன். அவர் கையெழுத்து மட்டும் வேண்டும், அக்டோபருக்குள்.

அன்புடன்,
அப்பா