வானியல் சங்கம்: 2018ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டில் ஒன்பது கூட்டங்கள் நடந்தன. ஜனவரி 31 சந்திர கிரகணத்தைப் பள்ளி மைதானத்தில் மக்களுக்குக் காட்டினோம். ஜூலை 27 நள்ளிரவுக்குப் பின், 103 நிமிடம் நீடித்த முழு கிரகணத்தையும் பக்கத்தில் சிவந்து நின்ற செவ்வாயையும் பார்த்தோம். நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு கூட்டம் கூடவில்லை.

அடுத்தது மாக்ஸி ஜே1820+070 என்ற கருந்துளை. சங்கத்தின் 8 அங்குலத் தொலைநோக்கி மூன்று மாதம் என் வீட்டு மாடியில் இருந்ததில் சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 11 அன்று, பாம்புதாரி விண்மீன் குழுவில் அதுவரை யாரும் அறியாத எக்ஸ்-கதிர் உமிழும் மூலம் ஒன்று திடீரென எரியத் தொடங்கியிருப்பதை ஜப்பானின் மாக்ஸி கருவி கண்டது. எக்ஸ்-கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் அந்தக் கருவி சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிலையம் பூமியைச் சுற்றும்போது அதுவும் வானத்தைத் துழாவிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சாயங்காலம் விரல் நீட்டிக் காட்டுகிறோமே, நகரும் புள்ளி, அதன்மேல் உட்கார்ந்துதான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால் ஐந்து நாள் முன்பே, மார்ச் 6இல், அசாசின் என்ற வானத் தேடல் குழு அதே இடத்தில் புதிய ஒளிப்புள்ளி ஒன்றைப் பதிவு செய்திருந்தது. அவர்களுடைய லென்ஸின் அகலம் வெறும் 14 செ.மீ. நம்முடையது 20. இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அமாவாசை நெருங்கிய நேரம். மார்ச் 15 விடியற்காலை நாலரை மணிக்கு, வரைபடத்தை வைத்துத் தேடித் தேடி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத 12ஆம் பொலிவெண் அளவில் அந்தப் புள்ளியைப் பிடித்தேன். சூரியனைப் போல் பல மடங்கு நிறையுள்ள கருந்துளை. தன் துணை விண்மீனிலிருந்து இழுத்த வாயு பல வருடம் வட்டாகச் சேர்ந்திருந்து, ஒரு கட்டத்தில் நிலைகுலைந்து உள்ளே பாய்கிறது. உள்விளிம்பு கொதித்து எக்ஸ்-கதிரை உமிழ, அது பட்டு வெளிவட்டு ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு வந்தது அந்த ஒளி, ஏறக்குறைய 10,000 ஆண்டு பயணம் செய்த ஒளி. அன்று மாடியில் நான் அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு 38 இரவுகள் பொலிவை மதிப்பிட்டோம். 'மதிப்பிட்டோம்' என்றால் நானும் பிளஸ் டூ படிக்கும் நம் இளைய உறுப்பினரும், அவரைக் கூட்டிவந்த அப்பாவும். முறை வைத்து வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர். இருவர் ஒவ்வொரு நாள் வந்தார்கள். மற்றவர்கள் போனைக்கூட எடுக்கவில்லை. விண்வெளி நிலையத்திலுள்ள நைசர் கருவியால் இதே மூலத்தைப் பார்த்து, கருந்துளையை ஒட்டிய சூடான பகுதி ஒரு மாதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதைப் போன மாதம் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வாரங்களில்தான் நம் நோட்டிலும் பதிவுகள் இருக்கின்றன. நோட்டு மேசைமேல் இருக்கிறது, பாருங்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகப் போயிற்று. தொலைநோக்கியின் கண்ணாடிக்கு மறுபூச்சு போட்டதில் சிறு கடன் நிற்கிறது. விவரம் பொருளாளரிடம் உண்டு.

42 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 19 பேர். புயலில் தென்னையோ கூரையோ இழந்த எட்டு பேரிடம் கேட்கக் கூடாது என்பது செயற்குழுவின் முடிவு. அது சரியான முடிவு. மீதி 15 பேருக்கு மூன்று முறை கடிதம் போட்டேன், பதில் இல்லை.

மைதானம் கொடுத்த பள்ளிக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்கச் சொன்னால் இருப்பேன். ஆனால் என் முதுகு முன்போல் இல்லை, நம் இளைய உறுப்பினரும் ஜூனில் கல்லூரிக்கு வெளியூர் போகிறார். அந்த மூலம் இப்போது மங்கிவிட்டது. மறுபடி எழுந்தாலும் எழலாம், வேறொன்று எங்கேயாவது எரியலாம். அப்படி ஒரு செய்தி வந்தால் விடியற்காலை எழுந்து வர நான்கு பேர் வேண்டும். தாள் வாசலில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்
பிப்ரவரி 2019