பேராயர் பட்டியலில் ஒரு பெண் பெயர்: பெருமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழகத் திருமண்டலங்களில் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதிகளில்) பெருமன்ற உறுப்பினர்களாக இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்.

2025 அக்டோபரில் சாரா முல்லலி இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயராக, அதாவது கேன்டர்பரி பேராயராக, அறிவிக்கப்பட்டபோது எங்கள் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில்) ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள். செவிலியராகத் தொடங்கி, இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரியாக உயர்ந்து, அந்தப் பதவியில் இருக்கும்போதே குருப்பட்டம் பெற்று, பிறகு அதை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்து, 2018-இல் லண்டன் பேராயரானவர். மகிழ்ச்சிதான். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் நம் திருமண்டலத்தின் அடுத்த பேராயர் யார் என்று பேச்சு. காதில் விழுந்த பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை.

பேராயர் பதவிக்கு நீங்கள் வாக்களித்து அனுப்பும் பட்டியலிலிருந்துதான் திருச்சபையின் தலைமை மன்றமான சினாட் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. பட்டியலில் இல்லாதவரை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்? ஒரு பெண் குருவின் பெயராவது அதில் இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

எங்கள் சேகரத்துக்கு ஒரு பெண் குரு வந்தார்கள். திருவிருந்து ஞாயிறுகளில் பீடத்தின் ஒரு பக்கம் அவர்கள் அப்பம் கொடுப்பார்கள், மறுபக்கம் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். பாதிப் பேர் மெல்ல நகர்ந்து ஐயா பக்க வரிசைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பக்கம் நெருக்கியடிக்கும். அம்மா அப்பத் தட்டுடன் நின்றுகொண்டிருப்பார்கள். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள். கமிட்டியில் ஒருவர் இதற்குத் தீர்வும் கண்டுபிடித்தார்: "அடுத்த மாசம் நீங்க திராட்சரசப் பாத்திரம் மட்டும் பிடிங்கம்மா, சபையில சமாதானமா இருக்கும்." நகர்ந்து போனவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பெண் பேராயரைச் சபை ஏற்காது" என்கிறீர்களே, அந்தச் சபையை இப்படிப் பழக்கியது யார்?

பெண்கள் குருவாவதும் பேராயராவதும் மேல்நாட்டு வழக்கம் என்றும் சிலர் சொல்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் மரபில் முதன்முதலில் குருப்பட்டம் பெற்ற பெண் ஹாங்காங்கின் ஃபுளோரன்ஸ் லி டிம்-ஓய், 1944-இல். போர்க்காலத்தில் சீனக் கடற்கரையிலுள்ள மக்காவ் நகரில் திருவிருந்து கொடுக்கக் குரு கிடைக்காததால் அந்தப் பட்டம். போர் முடிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. 1946-இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். மேல்நாட்டில் ஆங்கிலிக்கன் மரபின் முதல் பெண் பேராயர் வரவே 1989 ஆயிற்று. பாஸ்டனில் பார்பரா ஹாரிஸ் அபிஷேகம் பெற்றபோது கொலைமிரட்டல். குண்டு துளைக்காத உடை அணியச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். நம் ஊரில் குண்டெல்லாம் தேவைப்படுவதில்லை, வரிசை மாறினாலே போதும்.

நம் திருச்சபையே 2013-இல் ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மாவைப் பேராயராக்கியது. 1947-இல் பல சபைகள் இணைந்து நம் திருச்சபை உருவானபோது நம்மோடு இணைய மறுத்து ஒதுங்கி நின்று, பிறகுதான் வந்து சேர்ந்த ஆங்கிலிக்கன் பகுதி அது. அவர்களுக்கு முடிந்தது. இணைப்புக்கு முன்நின்ற நமக்கு?

தேர்தல் என்றால் அணி சேர்க்கிறோம், உறவுக்காரரைக் கணக்கெடுக்கிறோம், தோற்றால் நீதிமன்றத்துக்கும் போகிறோம். ஆலய அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கவும், மகளிர் ஞாயிறன்று ஒரேயொரு பிரசங்கம் செய்யவும் மட்டும் பெண்களின் நினைவு வருகிறது. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண் என்பதற்காக வாக்குப் போடுங்கள் என்று கேட்கவில்லை. பணிமூப்பும் படிப்பும் உள்ள பெண் குருமார் ஒவ்வொரு திருமண்டலத்திலும் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த பெருமன்றம் கூடும்போது அவர்களில் ஒருவரை முன்மொழியுங்கள். இன்னொருவர் எழுந்து வழிமொழியுங்கள். தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
ஒரு சேகரத்தின் சபை அங்கத்தினர்