அம்பரும் கரண்டும்

கண்ணு,

போன தடவை பேசும்போது, "அப்பா, இந்த ஐஸ்லாந்துக்காரர்கள் எலெக்ட்ரிசிட்டிக்குக்கூட வாயில் நுழையாத ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள்" என்று அலுத்துக்கொண்டாயே, காலமெல்லாம் வயரிங் வேலை பார்த்தவனிடம் கரண்டைப் பற்றிச் சொல்லிவிட்டால் சும்மா இருப்பேனா, தேடிப் படித்துவிட்டேன்.

ரவ்மக்ன். இதில் 'ரவ்' என்றால் அம்பர், ஆதிகாலத்து மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகியது. 'மக்ன்' என்றால் வலிமை. கரண்டுக்கும் பிசினுக்கும் என்ன உறவு என்று கேட்பாய். அம்பரைக் கம்பளியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும், கிரேக்கர்கள் அதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள், அவர்கள் மொழியில் அம்பருக்குப் பெயரே எலெக்ட்ரான். 1600-இல் வில்லியம் கில்பர்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர் அதிலிருந்து ஒரு லத்தீன் சொல்லை உண்டாக்கினார், அதுதான் உலகமெல்லாம் பரவியது. ஆக, நீ சொல்லும் எலெக்ட்ரிசிட்டிக்குள்ளும் இருப்பது அதே பிசின்தான், வெளியே தெரியவில்லை, அவ்வளவே. ஐஸ்லாந்துக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சொல்லை வாங்காமல் அதன் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வைக்கிங் காலத்திலேயே அம்பர் மணி கோத்துப் போட்டவர்கள், அதற்கு ஒரு சொல் கைவசம் இருந்தது.

அரபியிலும் கரண்டுக்குப் பெயர் அம்பர்தான், கஹ்ரபா. பாரசீகத்திலிருந்து போனது, 'வைக்கோலைப் பறிப்பது' என்று பொருள். எனக்கென்னவோ எல்லாவற்றிலும் இதுதான் முதல்தரமான பெயர் என்று படுகிறது. (நாம் 'மின்சாரம்' என்று மின்னலைப் பிடித்துக்கொண்டோம்.)

சரி, இதில் உனக்கு என்ன லாபம் என்றால், 'ரவ்' ஒன்று தெரிந்தால் பாதி கடைப் பலகையைப் படித்துவிடலாம். ரவ்பீத்ல் என்றால் மின்சாரக் கார். பேட்டரிக்குச் சொல்வது ரவ்லாதா. என்னைப் போன்ற எலெக்ட்ரீசியனை ரவ்விர்கி என்பார்களாம், அம்பர் வேலைக்காரன்!

அப்புறம் இன்னொன்று. ரெய்க்யாவிக் பக்கத்திலேயே ஹாப்னர்ஃப்யோர்துர் என்று ஓர் ஊர். அங்கே யோஹன்னஸ் ரெய்க்தால் என்ற தச்சர், தன் மரப்பட்டறையை ஓட்டிய ஓடைத் தண்ணீரிலேயே ஜெனரேட்டரையும் சுற்றவிட்டு, 1904 டிசம்பரில் 16 கட்டடங்களுக்கு விளக்கு எரிய வைத்திருக்கிறார். அந்த நாட்டில் ஊருக்கு மின்சாரம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஒரு தச்சர் செய்திருக்கிறார், பார்! ஞாயிற்றுக்கிழமை தூங்கியே கழிக்காமல் ஒருநாள் போய் அந்த ஓடையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று எனக்குச் சொல்.

அப்பா