வைக்கோல் படப்பைப் பிரித்துக் கொடுத்த ஆச்சிக்கும், கரையில் நின்ற எல்லோருக்கும்

குளம் தப்பிவிட்டது. அன்றைக்கு ராத்திரி மழையில் குளத்துக்கரையில் கசிவு கண்டு, உடையப் போகிறதோ என்று பதறியதைச் சுற்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாம். மழை இறங்கினாலே இன்னமும் வயிறு கலங்குகிறது. கையில் மண்வாடை போவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மண் அள்ளிய இளவட்டங்கள், சாக்குகளை அள்ளிப் போட்ட ரைஸ்மில் அண்ணாச்சி, கேட்காமலே ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திய தம்பி, விடிய விடிய கடுங்காப்பி போட்ட மதினிமார், ஜனவரிதோறும் நீர்ப்பறவை எண்ண வருகிற, இந்தமுறை மம்பட்டியோடு வந்த பிள்ளைகள்... யாராவது விட்டுப்போயிருந்தால் கோபிக்க வேண்டாம், இருட்டில் முகம் தெரியவில்லை.

ஆச்சியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

வெளிச்சரிவில் மூட்டையை அடுக்க அடுக்க, தண்ணீர் பக்கத்திலேயே வேறு இடத்தில் பீறிட்டது. எலி வளையோ நண்டு வளையோ, குளத்துப் பக்கம் அதன் வாயை அடைத்தால்தான் நிற்கும். எதை வைத்து அடைக்க? அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் களத்திலிருந்து சத்தம் வந்தது: "ஏல, படப்பைப் பிரிங்கல!"

இரண்டு மாட்டுக்கு ஒரு வருசத்துத் தீவனம் அது. "மாட்டுக்கு என்ன ஆச்சி செய்வீங்க?" என்று ஒருவன் இழுத்தான். "பிரிக்கத்தான சொன்னேன், கணக்கா கேட்டேன்?"

சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்து வைக்கோலைப் பிரியாகத் திரித்துக் கொடுத்தார். நாங்கள் முங்கி, சுழிப்பு இழுக்கிற இடத்தில் விட்டோம். தண்ணீரே வைக்கோலை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டது. மேலே களிமண்ணை மிதித்தோம். அப்புறம்தான் கசிவு அடங்கியது.

ஆச்சிக்கு எங்கள் ஆயக்கட்டில், அதாவது இந்தக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களில், ஒரு மரக்கால் விதைப்பாடுகூடக் கிடையாது. அதைவிட, இதே கரையில் மாடு மேய்த்தார் என்று போன வருசம் அபராதம் போட்டவர்கள் நாங்கள். மறுநாள் பணத்தோடு போனபோது அவர் கையை நீட்டவே இல்லை. "என் கெணறு எந்தத் தண்ணியில ஊறுதுன்னு நெனச்ச?" என்றார்.

ஆயக்கட்டு வரைபடத்தில் ஆச்சியின் கிணறு இல்லை. உடைமரத்தில் கூடு கட்டுகிற நாரையும் இல்லை. தாமிரபரணியின் பழவூர் அணைக்கட்டில் பிரிகிற பாளையங்கால்வாய்த் தண்ணீர் குளம் குளமாக இறங்கி வருகிறது. எங்கள் குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. அந்த மறுகாலில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) அடைத்துக் கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டே போனவர்களில் நானும் ஒருவன். அதில் மழையைக் குறை சொல்ல முடியாது. இனி புரட்டாசி பிறக்கும் முன்னே அதை வாரிவிடுவது என்று பேசி முடித்திருக்கிறோம். அபராதத்தையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதை மட்டும் ஆச்சி எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

பிசான நெல் அறுப்பு முடிந்ததும் முதல் வண்டி வைக்கோல் அவர் களத்துக்குத்தான். அதுவரை முறைத்தண்ணீர் மாதிரி, நாளுக்கு ஒரு வீடாக இரண்டு கட்டுப் புல். இன்றைக்கு எங்கள் வீட்டு முறை. அறுக்கப் போக வேண்டும்.